இடுப்பில் கை வைத்தவள்

"கை ரெண்டையும் கீழ இறக்கிடு. வேற ஒண்ணும் கேக்கல நான்."

"அது கல்லோட சேர்ந்த கை, மோயோ. இறக்குறதுக்கு நான் தோள்ல மூட்டு வச்சுச் செய்யல."

"அப்ப வெட்டிடு."

"வெட்டலாம். கையில்லாத அம்மா ஒருத்தி பள்ளிக்கூட வாசல்ல நிப்பா. இவ கை மேல எந்தப் பஸ் ஏறுச்சுன்னு பிள்ளைங்க கேக்கும். பதில் நீங்கதான் சொல்லணும்."

"உனக்கு வாய் அதிகம், சிசி."

"கையைப் பத்திப் பேச வந்தீங்க. அதை முடிப்போம். வாய்க்கு இன்னொரு நாள் வாங்க."

ஏணியின் மேல்படியில் உட்கார்ந்திருந்த ஷுவாய், பேசும்போதும் வேலையை நிறுத்தவில்லை. ஈர உப்புத்தாளால் சிலையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறத் தண்ணீர் சிலையின் தோளில் வழிந்து, முழங்கை முனைக்கு வந்து கொஞ்சம் தயங்கி, கீழே நின்ற கோம்பிரோவின் தொப்பியில் சொட்டியது. சிடோரா பள்ளிக் குழுவின் தலைவர் அவர். குருவே சாலையில் மாவு மில் வைத்திருந்தார். மரியாதை தெரிந்தவர்கள் அவரைக் குலப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். மோயோ என்றால் இதயம். அந்தக் குலத்தார் எந்த ஆட்டின் இதயத்தையும் மாட்டின் இதயத்தையும் தொட்டுச் சாப்பிட மாட்டார்கள். ஷுவாயை அவர் சிசி என்றது, சகோதரி என்ற அர்த்தத்தில். தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு அவர் தள்ளி நின்றுகொண்டார். ஆனால் போகவில்லை.

சிலை ஓர் ஆளைவிடக் கொஞ்சம் உயரம். கால்களை அகட்டி, முகவாயைத் தூக்கி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிச் சாலையைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். தலைமுடி இருக்கும் இடத்தில் ஷுவாய் உளியே வைக்கவில்லை. மலையிலிருந்து வந்தபோது கல்லுக்கு இருந்த செம்மண் நிறத் தோலை அப்படியே விட்டிருந்தாள். கைகளுக்கும் இடுப்புக்கும் நடுவில் இரண்டு ஓட்டைகள். பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் ஒன்றின் வழியே வகுப்பறைக் கதவு தெரியும், இன்னொன்றின் வழியே கொடிக்கம்பம். வந்து இறங்கிய நாளிலிருந்தே சின்னப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தூக்கிவிட்டு அந்த ஓட்டைகளில் முகத்தை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் கேட்டது, பிள்ளைகளை வரவேற்கும் தாய். ஷுவாயின் மனதில் தாய் என்றால், பொழுது சாயும் நேரத்தில் வழியைப் பார்த்து நிற்பவள்தான். இன்னும் காணோமே என்று நிற்பவளின் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். அதைத்தான் செதுக்கினாள். அதில் சிக்கல் வரும் என்று அவள் நினைக்கவில்லை. டிராக்டரிலிருந்து சிலையை இறக்கிய அன்று, வேனில் போன பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "சிஹேரா, சிஹேரா" என்று குலவையிட்டுக்கொண்டு போனபோதுதான் அவளுக்கே புரிந்தது.

எலாண்ட் மானைக் குலச்சின்னமாகக் கொண்ட வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பெயர். நாடு முழுக்க அவர்களைப் பற்றி ஒரே பேச்சுதான். கட்டிக்கொண்டு போன வீட்டிலும் குனிய மாட்டார்கள், மாமனாரிடமும் நேருக்கு நேர் பேசுவார்கள், கையை இடுப்பில் வைத்தால் பிறகு எடுக்க மாட்டார்கள் என்பார்கள். மறுநாளே எலாண்ட் குலத்துப் பெண்கள் கூட்டமாக வந்து சிலையைச் சுற்றி ஆடிவிட்டு, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கோம்பிரோவுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

"எங்க மண்ணு இது. தலைவர் மோயோ, பள்ளிக்கூடத்துக்கு நிலம் குடுத்தவங்க மோயோ, படிக்கிற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல மோயோ," என்றார் கோம்பிரோ. "வாசல்ல மட்டும் ஒரு சிஹேரா. நாங்க என்னவோ தப்புப் பண்ணிட்டு வந்த மாதிரி, இடுப்புல கைய வச்சுக்கிட்டு முறைக்கிறா."

"இதுல எலாண்ட் எங்க இருக்குன்னு காட்டுங்க. கொம்பு இருக்கா? வால் இருக்கா?"

"முழங்கையில இருக்கு. அந்த முழங்கை யாரோடதுன்னு குருடனுக்கும் தெரியும். நீயும் அந்தக் குலம்தானே? மறைக்காம சொல்லு."

"நான் சோகோ. குரங்குக் குலம்."

"அதான் கல்லு மேல ஏறி உக்காந்துட்டு இறங்க மாட்டேங்கற."

ஷுவாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் லேசாக வந்தது, ஆனால் அதை மீசைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

"சரி, யாரைப் பாத்துச் செதுக்கினே?"

"யாரையும் இல்ல, மோயோ. யாரையாவது பாத்துச் செதுக்கியிருந்தா அவ பிள்ளைக்கு மட்டும்தான் அம்மா. இவ யாருமில்ல. அதனாலதான் வாசல்ல நிக்கலாம்."

"நல்லாத்தான் பேசற. சனிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள கை மாறலேன்னா டிராக்டர் வரும். சமையல்கட்டுக்குப் பின்னாடி கீரைப் பாத்திக்குக் காவல் நிக்கட்டும்."

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்று ஷுவாய்க்குத் தெரியும். அவள் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

இதுவரை அவள் செதுக்கிய கற்களெல்லாம் வைக்கோல் சுற்றி, மரப்பெட்டிக்குள் அடைபட்டு, கப்பலேறிப் போனவை. எங்கேயோ ஓர் ஊரில், யாரோ ஒருவரின் தோட்டத்தில் அவளுடைய முயல் நிற்கிறது. அதன் காதுகளுக்கு நடுவே பனி கூடுகட்டியிருக்கும் படம் ஒன்றை ஒருமுறை அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒருநாளும் நடக்கப் போகாத தெரு அது. அந்த முயலைத் தாண்டிப் போகிறவர்கள் என்ன பேசிக்கொண்டு போவார்கள் என்பது அவளுக்குக் கேட்கவே கேட்காது. இந்தக் கல்லைக் கடந்து போகிறவர்கள் மட்டும்தான் அவளுடைய மொழியில் கேலி பேசுவார்கள், சண்டை போடுவார்கள். இது இங்கேதான் நிற்க வேண்டும். வாசலில்தான். வெட்டுப்படாமல்தான்.

ஏணியிலிருந்து இறங்கி வந்து, கோம்பிரோவின் முன்னால் முழங்காலை லேசாக மடித்து, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினாள். பெரியவர்களிடம் எதையும் கேட்கும் முறை அது.

"சரி, மோயோ. உங்க மண்ணு, உங்க வாசல். உங்க குலத்துல பிறந்த அம்மா எப்படி நிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. சிலைக்குப் பக்கத்துல நிக்க வைங்க. அவங்க நிக்கிற மாதிரியே மாத்திடறேன். ஆனா எங்க கல்பட்டறையில ஒரு வழக்கம் இருக்கு. மாத்தச் சொன்னவங்கதான் முதல் அடி அடிக்கணும். உளியும் சுத்தியலும் நான் குடுக்கறேன்."

"அவ்வளவுதானே? சனிக்கிழமை காலையில கூட்டிட்டு வர்றேன்."

"இந்தப் பள்ளிக்கூடத்து மோயோப் பிள்ளைங்களுக்கு அம்மாவா இருக்கணும். உங்க குலத்துல பிறந்தவங்களா இருக்கணும். ரெண்டும் வேணும்."

"எங்க குலத்துல அம்மாவுக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார் கோம்பிரோ.

ஷுவாய் மறுபடி ஏணியில் ஏறினாள். முகத்தைச் சிலையின் தோளுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சாலைக்கு எதிர்ப்புறம், முசாசா மரத்தடியில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவுருண்டை பொரித்து விற்கும் மாய் ஸ்வெனிகா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செப்டம்பர் மாதம். மரத்தில் புதுத் துளிர்கள் நெருப்பு நிறத்தில் இருந்தன. கோம்பிரோவின் தலை மறைந்ததும், இரண்டு உருண்டைகளைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தாள்.

"என்ன கேட்டே அவன்கிட்ட? முகமெல்லாம் வெளிச்சமாப் போறான்."

"ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். மோயோ குலத்துல பிறந்த அம்மா."

"சரின்னுட்டானா?"

"பஞ்சமே இல்லைன்னார்."

மாய் ஸ்வெனிகா காகிதச் சுருளை ஏணிப்படியில் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிலையின் பீடத்தில் உட்கார்ந்து, துணி நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

அவள் கோம்பிரோ குடும்பத்துக்கு சாவிரா. அவள் தாத்தாவுக்கும் அவர் தாத்தாவுக்கும் இருந்த நட்பு, கைமாறிக் கைமாறி அவளிடம் வந்து நின்றது. ஊரில் வேறு யாரும் சொல்லக்கூடாததை சாவிரா சொல்லலாம். இழவு வீட்டில் செத்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நடந்து காட்டலாம். சண்டைக்காரர்களைக் கிண்டல் செய்து சேர்த்து வைக்கலாம். சாவிரா மேல் கோபித்துக்கொள்கிறவன்தான் ஆடு அபராதம் கட்ட வேண்டும்.

"சனிக்கிழமை நீங்க வரணும்," என்றாள் ஷுவாய். "நான் சொன்னா அது அவமானம். நீங்க சொன்னா சடங்கு."

"என் வாயை யாரும் வாடகைக்கு எடுக்க முடியாது, பெண்ணே. அது தானாத் திறந்தா திறக்கும். உருண்டை ஆறிடப் போகுது, தின்னு."

மறுநாள் ஷுவாய் சிலைக்குத் தீ காட்டினாள். எரிவாயுக் குழலின் நீலச் சுடரை மெதுவாக, ஓர் இடத்திலும் நிற்கவிடாமல், கல்லின் மேல் நடத்திக்கொண்டு போனாள். கல் கையைச் சுடும் அளவுக்கு வந்ததும் மெழுகைத் தேய்த்தாள். சூடான கல் மெழுகைக் குடிக்கும். குடித்த இடமெல்லாம் சாம்பல் நிறம் போய், ஆழமான ஆற்றுத் தண்ணீரின் கறுப்பு மேலே வரும். முதலில் கன்னம் வந்தது, பிறகு கழுத்து, பிறகு அந்த இரண்டு கைகள்.

வழியில் போன ஆசிரியை ஒருத்தி நின்றாள். "நாளைக்கு வெட்டப் போறாங்கன்னு சொன்னாங்களே. இன்னிக்கு ஏன் மெழுகு பூசறீங்க? வெட்டின இடம் வெள்ளையாத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் ஷுவாய். "நல்லாத் தெரியணும்."

அவள் பாதத்தின் அருகே மண்டியிட்டு, விரல் விரலாக மெழுகு பூசி முடித்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கல்லை மலையில் முதன்முதலில் சுத்தியலால் தட்டியபோது, அது பள்ளிக்கூட மணி போலக் கணீரென்று ஒலித்தது. உள்ளே விரிசல் இருக்கும் கல் அப்படி ஒலிக்காது. கல்லின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை, கொஞ்சம் கொஞ்சமாக ஊர்க்காரர்கள் மேலும் படிந்துவிட்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் கூடாரம் போட்டாகிவிட்டது. மரிம்பா வாசிக்கும் பிள்ளைகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டுப் பக்கமிருந்து ஆட்டுக்கறி வேகும் வாசனை வந்தது. கோம்பிரோ தன் நல்ல கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வரவழைத்த தன் அக்கா ஏனஸைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏனஸ் அத்தை சர்ச்சுப் பெண்கள் சங்கத்துச் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து, படம் எடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பில் உதட்டை இறுக்கி வைத்திருந்தாள்.

"இவங்க மோயோ. பிள்ளைங்களைப் பெத்து வளத்தவங்க," என்றார் கோம்பிரோ கூட்டத்துக்குக் கேட்கும்படி. "அக்கா, நம்ம வீட்டுப் பெண்கள் நிக்கிற மாதிரி நின்னு காட்டு."

அத்தை சிலைக்குப் பக்கத்தில் போய், முழங்காலை மடித்து, கைகளை வயிற்றுக்கு முன்னால் குவித்து, தலையைக் குனிந்து நின்றாள். நன்றாகத்தான் இருந்தது. ஷுவாய் கூர் உளியையும் சுத்தியலையும் நீட்டினாள். கோம்பிரோ வாங்கிக்கொண்டார். மரிம்பா நின்றுவிட்டது.

அவர் உளியைச் சிலையின் இடது மணிக்கட்டில் வைத்தார். எங்கே அடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் மேலே நகர்த்தினார். கறுப்புக் கல்லில் அவர் முகம் தெரிந்தது.

"இரு, இரு. யார் செத்தது? என்னைக் கூப்பிடாம எப்படி ஆரம்பிச்சீங்க?"

மாய் ஸ்வெனிகா வந்துகொண்டிருந்தாள். நாற்காலியில் கிடந்த கோம்பிரோவின் கோட்டு அவள் மேல் இருந்தது. கைகள் நீளமாகத் தொங்க, அவரைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தொண்டையைச் செருமிச் செருமி நடந்தாள். கூட்டம் சிரித்து வழிவிட்டது.

"சாவிரா, இப்ப வேணாம்," என்றார் கோம்பிரோ.

"சாவிராவுக்கு நேரம் குறிக்கிறியா? சரி, சொல்லு. இந்தச் சிலை யாரு?"

"அம்மா. பிள்ளைங்களோட அம்மா."

"இவ யாரு?" ஏனஸைக் காட்டினாள்.

"என் அக்கா."

"இவ எந்த ஊர்ல அம்மா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"அவ பிள்ளைங்க என்ன குலம்?"

"அவங்க அப்பா குலம். மீன்கழுகு." சொல்லும்போதே கோம்பிரோவின் குரல் இறங்கியது.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இவ அம்மா. இந்தப் பக்கம் இவ யாரு? உன் பிள்ளைங்களுக்கு இவ அத்தை. அத்தைன்னா நமக்கு யாரு? பொம்பளை அப்பா. கல்யாணத்துக்கு அப்பா இல்லேன்னா இவதானே அப்பா நாற்காலியில உக்காருவா? பள்ளிக்கூட வாசல்ல அம்மாவை வைக்கச் சொல்லிட்டு, அப்பாவைக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கே. அந்தப் பெண்கிட்டச் சொல்லி ஒரு தாடியும் வச்சிடு."

கூட்டத்தில் யாரோ சிரித்து மூச்சுத் திணறினார்கள்.

"மோயோ ஆம்பளை மோயோ பொம்பளையைக் கட்டலாமா? நீ கட்டுவியா? உன் தாத்தா கட்டினாரா? அப்ப இந்த மண்ணுல ஒரு மோயோப் பிள்ளைக்கு மோயோ அம்மா எங்கேர்ந்துடா வருவா? எல்லா அம்மாவும் வெளியூர்லேர்ந்து வந்தவதான். சோகோ வீட்டுலேர்ந்து வந்தா, மீன்கழுகு வீட்டுலேர்ந்து வந்தா. உன்னைப் பெத்தவ எங்கேர்ந்து வந்தா? வாயைத் திற."

கோம்பிரோ உளியைக் கல்லிலிருந்து எடுத்தார். அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஊரில் வயதானவர்களுக்கெல்லாம் தெரியும். கோட்டின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு மாய் ஸ்வெனிகாவே சொன்னாள்.

"சிஹேரா. அவ இடுப்புல கை வச்சா, நீ ஆத்தங்கரை வரைக்கும் நிக்காம ஓடுவே. இன்னிக்கு அவ கையைத்தான் வெட்ட வந்திருக்கே."

"நிறுத்துடி," என்றாள் ஏனஸ் அத்தை. அவ்வளவு நேரம் அவள் அந்தக் குனிந்த நிலையிலேயே இருந்தாள். "யாருக்குத் தாடி வைக்கச் சொல்றே? இவன் வண்டி அனுப்பினான், விருதுன்னு நினைச்சு வந்தேன். முட்டி போச்சு எனக்கு." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். நிமிர்ந்த வேகத்தில் இரண்டு கையும் இடுப்புக்குப் போய்விட்டது.

சிலைக்குப் பக்கத்தில், அதே அகலத்தில் கால்கள், அதே கோணத்தில் முழங்கைகள். எலாண்ட் குலத்துப் பெண்கள் முதலில் குலவையிட்டார்கள், பிறகு மற்றவர்கள். அத்தைக்கு ஏன் என்று விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும், கையை எடுக்காமலே தம்பியைப் பார்த்து முறைத்தாள். கோம்பிரோ சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்க, உளி பிடித்த கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பின் விழா தானாக நடந்தது. மரிம்பா அந்த ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது. பேச வேண்டியவர்கள் பேசினார்கள். மாய் ஸ்வெனிகா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து நன்றியுரையும் சொன்னாள். சட்சா என்ற சோளக் களியும் கறியும் பரிமாற ஆரம்பித்ததும் கூட்டம் கூடாரத்துக்கு நகர்ந்தது.

ஷுவாய் சிலையடியில் தன் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். உளி வைத்த மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. இனி இவள் மழையிலும் வெயிலிலும் இங்கேயே நிற்பாள். இவளைக் கடந்து போகிறவர்கள் பேசுவது ஷுவாய்க்குக் கேட்கும். உள்ளே எங்கேயோ ஒரு மணி மெல்ல அதிர்ந்து அடங்கியது போலிருந்தது அவளுக்கு.

கோம்பிரோ போகவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். சிலையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து, கைக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்த ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுத்தியலையும் உளியையும் பீடத்தின் மேல், சிலையின் இடது பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தார்.

"இவ யாருமில்லைன்னு சொன்னே."

"ஆமா, மோயோ. அப்படித்தான் இருக்கணும்."

"தெரியுது. கேக்கக் கூடாதுதான்." அவர் உள்ளங்கை சிலையின் பாதத்தின் மேல் இருந்தது. வெயிலில் அது சூடாகத்தான் இருந்திருக்கும். "அம்மாவுக்கு இடது கால்ல சுண்டு விரல் கிடையாது. நான் வயித்துல இருந்தப்ப, சோளக்காட்டுல களை வெட்டும்போது களைக்கொட்டு பட்டுப் போச்சு. ராத்திரி நான் தூக்கம் வராம அழுதா, அந்தக் காலைத்தான் பிடிச்சுக்குவேனாம். விரல் இல்லாத இடத்துல என் கட்டை விரல் சரியா உக்காருமாம்."

கூடாரத்திலிருந்து யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. உளியை எடுத்து, அதன் கூர் தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, பிடியை ஷுவாயிடம் நீட்டினார்.

"முதல் அடி நான் அடிக்க மாட்டேன். எனக்குக் கை வராது. யாருக்கும் தெரியப் போறதில்ல, புல்லு வளந்தா மூடிக்கும். அந்தச் சுண்டு விரல்ல நீயே ஒரு அடி அடிச்சுக் குடேன், சிசி."